தூரிகையும் பணப்பையும்: கிரிமோனா முதல் புளோரன்ஸ் வரை

செவ்வாய், கிரிமோனா

இத்தாலியில் மிலானிலிருந்து மாந்துவா போகும் பாசஞ்சர் ரயிலில் வழியில் வருகிற ஊர் கிரிமோனா. புகழ்பெற்ற வயலின்களைச் செய்த ஸ்ட்ராடிவாரி வாழ்ந்த ஊர் என்பதால் வயலினுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். தெருவுக்குத் தெரு பட்டறை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாராவது ஒருவர் மரத்தை இழைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அக்காவும் இங்கே இறங்கியது இன்னொருவருக்காக. சோஃபோனிஸ்பா ஆங்குவிசோலா, 1532 வாக்கில் இந்த ஊரில் பிறந்த ஓவியர்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் ஓவியத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் அப்பா ஓவியராக இருக்க வேண்டும், அல்லது கன்னிமடத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது வீட்டில் பணமும் குலப்பெருமையும் இருக்க வேண்டும். பணமும் குலமும் இருந்தவர்கள் கலையை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணத்தையே திட்டமிட்டோம். அக்கா வங்கியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு யாரு காசு குடுத்தா?" சொல்லப்போனால் இந்தப் பயணத்துக்கு அதைவிடச் சரியான கேள்வி கிடையாது.

சோஃபோனிஸ்பாவின் அப்பா அமில்காரே இந்த ஊர்ப் பிரபு. ஆறு பெண்கள், ஒரு பையன். மூத்தவளையும் அடுத்தவள் எலெனாவையும் பெர்னார்டினோ காம்பி என்ற ஓவியரிடம் படிக்க அனுப்பினார். பிரபு குடும்பத்துப் பெண்கள் ஓவியரிடம் போய்த் தொழில் கற்பது அப்போது கேள்விப்படாத விஷயம். அப்பா அதோடு விடவில்லை. மகள் வரைந்ததை மைக்கேலாஞ்சலோவுக்கே அனுப்பி வைத்தார். சிரிக்கிற பெண்ணை வரைந்திருந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அழுகிற பையனை வரைவது இதைவிடக் கஷ்டம் என்றாராம் மைக்கேலாஞ்சலோ. அவள் தம்பி அஸ்ட்ரூபாலேவை நண்டு கடித்து அவன் வீறிடுவதுபோல் வரைந்து அனுப்பினாள். அந்தக் கோட்டோவியம் இன்று நேப்பிள்ஸில் இருக்கிறது. மைக்கேலாஞ்சலோவுக்கு அமில்காரே எழுதிய நன்றிக் கடிதங்களும் மிஞ்சியிருக்கின்றன.

நிர்வாண உடலைப் பார்த்து வரையப் பழகுவது பெண்களுக்குத் தடை. அதனால் அவள் வீட்டையே வரைந்தாள். 1555இல் தங்கைகள் மூவர் சதுரங்கம் ஆடுவதை வரைந்தாள். ஓரத்தில் பணிப்பெண் எட்டிப் பார்க்கிறாள். ஜெயிக்கப்போகிறவள் நம்மைப் பார்க்க, தோற்கப்போகிறவள் கையைத் தூக்க, கடைக்குட்டி அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தப் படம் இப்போது போலந்தின் போஸ்னானில். கிரிமோனாக்காரிக்காக வந்துவிட்டு அவளுடைய பெரிய படங்களைக் கைபேசியில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஊருக்கு வெளியே சான் சிஜிஸ்மோண்டோ தேவாலயம் இருக்கிறது. மிலான் டியூக்கின் மகள் பியான்கா மரியா விஸ்கோந்தி 1441இல் ஃப்ரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவை மணந்தது இங்கே இருந்த பழைய சிறு கோயிலில். கிரிமோனா நகரமே அவளுக்குச் சீதனம். அந்தக் கல்யாணத்தின் நினைவாக 1463இல் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். உள்ளே சுவர் தெரியாத அளவுக்கு ஓவியம். விதானக் கவிகையில் வட்ட வட்டமாக மேகத்தில் அமர்ந்திருக்கும் புனிதர்கள் கூட்டம் சோஃபோனிஸ்பாவின் ஆசிரியர் காம்பி வரைந்தது. ஆசிரியர் இந்தக் கவிகையை வரைந்தபோது மாணவி ஸ்பெயின் அரண்மனையில் இருந்தாள். 1559இல் இரண்டாம் பிலிப் மன்னரின் மனைவி எலிசபெத்துக்குத் தோழியாகப் போனவள். படத்துக்கென்று கூலி கிடையாது. பிரபு குலத்துப் பெண் கூலி வாங்கினால் மரியாதைக் குறைவு. தோழி என்ற பதவிக்குச் சம்பளம், துணி, நகை, பிறகு மன்னர் கொடுத்த சீதனம். "அப்போ சம்பளத்துக்குள்ளயே படத்தையும் சேர்த்து வாங்கிக்கிட்டாங்க" என்றார் அக்கா. ஆமாம், அதேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சியெனாவில் உள்ள ஒரு படத்தில் காம்பி நின்றுகொண்டு சோஃபோனிஸ்பாவின் உருவத்தை வரைகிறார். அந்தப் படத்தை வரைந்தது சோஃபோனிஸ்பாவே. அதில் அவர் ஓரத்தில் நிற்கிறார், அவள் நடுவில், அவரைவிடப் பெரிதாக. ஆசிரியருக்கு மரியாதையும் இருக்கிறது, தன் இடம் எது என்ற தெளிவும் இருக்கிறது.

புதன், மாந்துவா

மூன்று பக்கம் ஏரி சூழ்ந்த ஊர். டியூக் அரண்மனையில் ஐந்நூறுக்கும் மேல் அறைகள். அரசவை ஓவியர் மாந்தேன்யா வரைந்த மணமக்கள் அறையில் எல்லோரும் கூட்டமாக நிற்கிறார்கள். நாங்கள் அதைப் பார்த்துவிட்டு, பழைய அரண்மனைப் பகுதியின் தரைத்தளத்துக்கு இறங்கினோம். அங்கே ஒருவர்கூட இல்லை.

இசபெல்லா டெஸ்டே ஃபெராராவின் இளவரசி. 1490இல், பதினைந்து வயதில், மாந்துவாவின் கோன்சாகா குடும்பத்துக்கு மருமகளாக வந்தாள். தனக்கென ஒரு சிறிய படிப்பறை அமைத்து, அதற்கு அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஓவியர்களிடம் படம் கேட்டாள். கணவர் இறந்தபிறகு அந்த அறையை இந்தத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டாள். அரசர்களும் போப்புகளும் செய்கிற வேலையை அவள் தன் கைச்செலவுப் பணத்தில் செய்தாள். பல ஆயிரம் கடிதங்கள் மாந்துவா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எவ்வளவு பேரம், எவ்வளவு நச்சரிப்பு என்று அவற்றில் பார்க்கலாம்.

ஓவியர் பெருஜீனோவுடன் 1503இல் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கற்புக்கும் காமத்துக்கும் நடக்கும் போர்தான் பொருள். யார் எங்கே நிற்க வேண்டும், கற்பின் பக்கம் நிற்கும் தெய்வம் பல்லாஸ் என்ன செய்ய வேண்டும், காமத்தின் தெய்வம் வீனஸ் என்ன செய்ய வேண்டும், பின்னணியில் எந்தக் கதை என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாள். உருவங்கள் அதிகமென்று தோன்றினால் குறைத்துக்கொள்ளலாம், சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. கூலி 100 டுக்காட் பொற்காசு. 1505இல் படம் வந்து சேர்ந்தது. இன்னும் கவனமாகச் செய்திருந்தால் பக்கத்தில் தொங்கும் மாந்தேன்யா படங்களுக்கு ஈடாக இருந்திருக்கும் என்று பதில் எழுதினாள். படத்தைப் பார்த்தவர்கள் அவள் சொன்னது சரி என்றுதான் சொல்வார்கள். உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. ஆனால் குற்றம் ஓவியருடையது மட்டும்தானா? அவ்வளவு கறாராகக் கையைக் கட்டிப்போட்டால் எந்த ஓவியருக்குத்தான் மனசு வரும்? ஜொவான்னி பெல்லினி புத்திசாலி, கதைப் படம் வரைய மறுத்துவிட்டார். லியோனார்டோ அவள் முகத்தைச் சுண்ணக் கட்டியால் வரைந்து கொடுத்துவிட்டுப் போனவர்தான், வண்ண ஓவியம் கடைசிவரை வரவே இல்லை.

அவளை முழுமையாக மெச்ச என்னால் முடியவில்லை. மாந்தேன்யா 1506இல் வயதாகி, கடனில் சிக்கி, தான் உயிராக வைத்திருந்த ரோமானியப் பேரரசி ஃபௌஸ்டினாவின் பழைய மார்பளவுச் சிலையை விற்க வந்தபோது அவரிடம் விலை பேசி இழுத்தடித்துவிட்டுத்தான் வாங்கினாள். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். 1491இல் வெனிஸில் இருந்த தன் ஆளுக்கு எழுதிய கடிதத்தில், ஒன்றரையிலிருந்து நான்கு வயதுக்குள் ஒரு கறுப்பினப் பெண் குழந்தையை, முடிந்தவரை கறுப்பாகப் பார்த்து வாங்கி அனுப்பச் சொல்கிறாள். ஓவியம் கேட்டு எழுதிய அதே கை. இதை விட்டுவிட்டு அவளுடைய ரசனையைப் பற்றி மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இந்த அரண்மனையில் இல்லை.

இசபெல்லாவின் பெயரோ முற்றத்தைச் சுற்றி ஓடுகிறது. படிப்பறையை ஒட்டி வானம் திறந்த ஒரு சிறு தோட்டம். அதன் மேல் விளிம்பில் லத்தீனில் பெரிய எழுத்துகள். அராகன் மன்னர்களின் பேத்தி, ஃபெராரா டியூக்குகளின் மகளும் சகோதரியும், கோன்சாகா பிரபுக்களின் மனைவியும் தாயுமான இசபெல்லா 1522இல் இதைச் செய்தாள். நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால்தான் வாக்கியம் முடிகிறது. நான்கு பக்கமும் உறவுமுறை. கடைசியில் 'செய்தாள்' என்ற வினை அவளுடையது.

படிப்பறைச் சுவர்கள் காலியாக இருக்கின்றன. மாந்தேன்யா, பெருஜீனோ, கோஸ்டா, கொரெஜ்ஜோ வரைந்த படங்கள் எல்லாமே இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில். கோன்சாகா வாரிசுகள் 1627 வாக்கில் கடன் முற்றி இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்குச் சேகரிப்பைக் கொத்தாக விற்றார்கள். இசபெல்லாவின் அறைப் படங்கள் பிரான்சுக்கு, அந்நாட்டு முதலமைச்சர் கார்டினல் ரிஷ்லியூவிடம் போயின. 1630இல் படைகள் நுழைந்து மிச்சத்தையும் சூறையாடின. பெயர்த்தெடுக்க முடியாதது மேற்கூரை மட்டும்தான் போல. நீலமும் பொன்னுமாக, மர வேலைப்பாடு, நடுவில் அவளுடைய சின்னமான இசைக் குறிப்பு: ஓய்வுக் குறிகள் மட்டும், ஒரு சுரம்கூட இல்லை.

சாப்பாடு: பூசணிக்காய் டொர்டெல்லி. உள்ளே பாதாம் பிஸ்கட் தூள் போட்டிருப்பதால் தித்திப்பு. அக்காவுக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மாந்துவாவில் கவலையில்லை.

வியாழன், பார்மா

இங்கே ஓர் அறை போதும். சான் பாவ்லோ மடத்தின் தலைவி ஜொவான்னா தா பியாசென்சா தன் சொந்த அறைக்கு 1519இல் கொரெஜ்ஜோவை வரவழைத்து விதானம் வரையச் சொன்னாள். கன்னிமடம்தான், ஆனால் படத்தில் சிலுவையும் இல்லை, மாதாவும் இல்லை. கணப்படுப்பின் மேல் வேட்டைத் தெய்வம் டயானா தேரில் ஏறுகிறாள், நெற்றியில் பிறை. ஜொவான்னாவின் குடும்ப முத்திரை மூன்று பிறைகள். தன்னைத்தான் டயானாவாக வரையச் சொல்லியிருக்கிறாள் என்று பார்த்தவுடனே புரிகிறது. விதானம் பதினாறு மடிப்புகளாகப் பிரிந்த இலைப் பந்தல். ஒவ்வொன்றிலும் முட்டை வடிவத் திறப்பு, அதன் வழியே கொழுகொழுவென்று சிறுவர்கள் வேட்டை நாயோடு விளையாடுகிறார்கள். கீழே ஆட்டுத் தலைகளுக்கு நடுவே தொங்கும் துணியில் தட்டும் குவளையும். அதை வைத்து இது சாப்பாட்டு அறை என்கிறார்கள்.

ஜொவான்னா பிரபு குலத்தவள். மடத்துச் சொத்து அவள் கையில் இருந்தது. பிஷப்பும் நகரத்தாரும் மடத்தை அடைப்புக்குள் கொண்டுவர வேண்டும், அதாவது கன்னியர் வெளியே போகவும் வெளியார் உள்ளே வரவும் கூடாது என்று நெருக்கினார்கள். அவள் வருடக்கணக்கில் எதிர்த்து நின்றாள். அடுப்பின் மேல் அவள் பொறிக்கச் செய்த வாசகம், நெருப்பை வாளால் கிளறாதே என்பது. யாருக்குச் சொன்னாள் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். 1524இல் அடைப்பு வந்தது. அதே ஆண்டு அவள் இறந்தாள். பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் வெளியார் யாரும் இந்த அறைக்குள் வர முடியவில்லை. மேலே அண்ணாந்து பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கழுத்து வலித்தது. அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தினமும் பார்த்த விதானம் இது. சுற்றி நடந்த சண்டையை நினைத்தால், அந்தப் பிடிவாதத்தின் முன்னால் கும்பிடத் தோன்றுகிறது.

வெள்ளி, பொலோனியா

பெண் ஓவியர்கள் என்று வந்தால் ஐரோப்பாவிலேயே இந்த ஊருக்குத் தனி இடம். தூண்தாழ்வாரங்களுக்குள் நடந்து கார்ப்பஸ் டோமினி கோயிலுக்குப் போனோம். ஊர்க்காரர்கள் 'லா சாந்தா' என்கிறார்கள், அதாவது புனிதவதி. கத்தரீனா விக்ரி ஃபெராரா அரசவையில் வளர்ந்து, எல்லாவற்றையும் விட்டு மடத்துக்கு வந்து, ஜெப நூல்களில் தானே சித்திரம் தீட்டியவள். 1463இல் இறந்தாள். அவள் உடல் இன்றும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, நூற்றாண்டுகளாக மெழுகுவத்திப் புகையில் கறுத்த முகத்தோடு. அவள் வாசித்த வயோலா என்ற தந்தி வாத்தியமும் அங்கே உண்டு. ஓவியர்களுக்குக் காவல் புனிதை என்று இந்த ஊர் அவளைத்தான் கொண்டாடியது. ஒரு பெண் தூரிகை பிடிப்பது இங்கே தீட்டாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் தேசிய ஓவியக் காட்சியகம். லாவினியா ஃபோன்டானா ஓவியரின் மகள், பிரபு குலம் அல்ல. 1577இல் கல்யாணம் பேசும்போதே, தம்பதி அவள் அப்பா வீட்டில் இருக்க வேண்டும், அவள் தொடர்ந்து வரைவாள், அந்த வருமானம் வீட்டுக்கு என்று எழுத்தில் போட்டுக்கொண்டார்கள். கணவர் ஜான் பாவ்லோ சாப்பி அவளுக்கு உதவியாக இருந்தார். பதினொரு பிள்ளைகள், அவளுக்குப் பின் மிஞ்சியது மூவர். இவ்வளவுக்கும் நடுவில் பலிபீட ஓவியங்கள், உருவப்படங்கள் என்று வரைந்து குடும்பத்தை நடத்தினாள்.

அவளுக்கு வாய்ப்பு கொடுத்தவர்களில் பொலோனியாவின் பணக்காரப் பெண்கள் முக்கியமானவர்கள். ஒருத்தி தன்னை வரையச் சொன்னால் அடுத்த வீட்டுப் பிரபுப் பெண்ணும் கேட்பாள். பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நிற்கிற அளவுக்கு அவர்களோடு நெருக்கம். இங்கே தொங்கும் கொஸ்ஸாடினி குடும்பப் படம் 1584இல் லௌடோமியா கொஸ்ஸாடினி சொல்லி வரைந்தது. நடுவில் அப்பா உலிஸ்ஸே. அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் மகள்கள், லௌடோமியாவும் ஜினெவ்ராவும். பின்னால் அவர்களுடைய கணவர்கள் நிற்கிறார்கள். ஆண்களின் உடை கறுப்பில் அடங்கிப்போகிறது, பெண்களின் முத்தும் பொன் சங்கிலியும் சரிகையும் ஒவ்வொரு இழையாகத் தெரிகின்றன. கிட்டே போய்ப் பார்த்தேன். முத்தின் மேல் விழும் வெளிச்சம் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை ஒவ்வொரு முத்துக்கும் வைத்திருக்கிறாள்.

"செத்துப்போன அப்பாவை நடுவுல உக்கார வெச்சது சொத்துக்காகத்தான்டி இருக்கும்" என்றார் அக்கா. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் நாங்கள்தான் அவர் பிள்ளைகள் என்று சொல்ல இதைவிடத் தெளிவான வழி என்ன இருக்கிறது? காசு கொடுத்தவள் பெண், வரைந்தவள் பெண், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள், பின்னால் நிற்பவர்கள் கணவர்கள். இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்தது எது என்று கேட்டால் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

எலிசபெத்தா சிரானியைச் சொல்லாமல் பொலோனியாவை விட்டுப் போக முடியாது. 1638இல் பிறந்து 27 வயதில் இறந்தவள். அதற்குள் ஏறக்குறைய இருநூறு படங்கள், ஒவ்வொன்றையும் யாருக்கு வரைந்தாள் என்று தானே நோட்டில் எழுதி வைத்தாள். பெண்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தாள். சான் டொமெனிகோ கோயிலில் இந்த ஊரின் பெரிய ஓவியர் கீடோ ரேனியின் கல்லறையிலேயே அவளையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

சனி, புளோரன்ஸ்

அதிவேக ரயில், பாதிக்கு மேல் சுரங்கப்பாதை, முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டோம்.

பிட்டி அரண்மனையை, புளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்துக்கு வாங்கியது எலெயோனோரா டி டொலேடோ, 1549இல், தன் சொந்தப் பணத்தில். நேப்பிள்ஸ் வைஸ்ராயின் மகள். தானிய வியாபாரத்தில் கெட்டிக்காரி. பலாஸ்ஸோ வெக்கியோ என்ற பழைய அரண்மனையில் ஓவியர் புரோன்சினோ வரைந்த அவளுடைய சிறிய ஜெப அறை இருக்கிறது. இவ்வளவு கலையும் இன்னும் இந்த ஊரிலேயே இருப்பதற்கு ஒரு பெண்ணின் கையெழுத்துதான் காரணம். மெடிசி குடும்பத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா. 1737இல் தம்பி இறந்தபோது ஆட்சி லொரேன் குடும்பத்துக்குப் போனது. அவள் புதிய ஆட்சியாளரோடு ஓர் ஒப்பந்தம் போட்டாள்: ஓவியங்கள், சிலைகள், நூலகங்கள், நகைகள் எல்லாவற்றையும் தருகிறேன், அரசுக்கு அலங்காரமாக, மக்களுக்குப் பயனாக, வெளியூர்க்காரர்கள் ஆவலோடு வந்து பார்ப்பதற்காக இருக்கட்டும், ஆனால் எதையும் தலைநகரை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. உஃபிட்சி ஓவியக் காட்சியகத்தில் வரிசையில் நிற்கும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அந்த வாசகத்தின் பலன். மாந்துவாவின் காலிச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். சான் லொரென்சோவுக்குப் பின்னால் அவளுக்குச் சிலை இருக்கிறது. அவள் இறந்த பிப்ரவரி 18 அன்று மாநகராட்சி அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம்.

ஞாயிறு, புளோரன்ஸ்

சாந்தா மரியா நொவெல்லா அருங்காட்சியகத்தில் பிளௌதில்லா நெல்லி வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு. துணி வியாபாரி வீட்டுப் பெண், பதினான்கு வயதில் மடத்துக்கு வந்தவள், பிற்பாடு மடத் தலைவி. ஆசிரியர் என்று யாரும் இல்லை. துறவி ஓவியர் ஃப்ரா பார்டொலொமேயோவின் கோட்டோவியங்கள் அவள் கைக்கு வந்தன, அவற்றைப் பார்த்தே கற்றாள். மடத்திலேயே கன்னியரை வைத்து ஓவியப் பட்டறை நடத்தினாள்.

படம் ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம். பதின்மூன்று ஆண்கள், ஆளுயரத்துக்கு. மேசை விரிப்பில் இஸ்திரி போட்ட மடிப்புக் கோடு தெரிகிறது. மேசையில் ஆட்டுக்கறி, ரொட்டி, கீரை, பச்சை அவரைப் பயறு, ஒயின். ஒரு மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தினம் மேசை போட்டவள் வரைந்த மேசை. மேல் மூலையில் தன் பெயரையும் எழுதி, வரைந்தவளுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

பல காலம் சிதைந்து கிடந்த படம். அமெரிக்காவின் ஜேன் ஃபார்ச்சூன் தொடங்கிய அறக்கட்டளை நிதி திரட்டி, பெண்கள் குழுவே நான்கு ஆண்டுகள் சீர்செய்து, 2019இல் இங்கே மாட்டியது. படத்தில் உள்ள ஓர் அப்போஸ்தலரை, அதாவது இயேசுவின் சீடரை, சீர்செய்யும் செலவுக்குத் தத்தெடுக்க 10,000 டாலர். "அப்போ இந்தக் காலத்துலயும் அதே கதைதான், வசதி இருக்கிற பொம்பளைங்க காசு" என்றார் அக்கா. காசு எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். இப்படி வந்ததில் எனக்கு நிம்மதி.

ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி 1568இலேயே நெல்லியைப் பற்றி எழுதினார். ஆண்களைப்போல நேரில் பார்த்து வரையக் கற்றிருந்தால் அற்புதங்கள் செய்திருப்பாள் என்பது அவர் தீர்ப்பு. இந்தப் படத்தில் அப்போஸ்தலர்களின் புறங்கையைப் பார்த்துவிட்டு என்னால் அந்த 'இருந்தால்' என்பதை ஏற்க முடியவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் சான் மார்கோ அருங்காட்சியகத்துக்கும் போங்கள். அங்கே இயேசுவின் உடலைச் சுற்றி அழும் பெண்களை வரைந்திருக்கிறாள். அழுது அழுது கண்ணும் மூக்கும் சிவந்துபோன முகங்கள். அந்தக் காலத்து ஆண்கள் வரைந்த எத்தனையோ அழகான துக்கங்களில் இந்தச் சிவப்பை நான் பார்த்ததில்லை. சான் மார்கோ மதியத்தோடு மூடிவிடுகிறது. காலையிலேயே போய்விடுவது நல்லது.